டார்பென்ஹௌ: 'குன்று குன்று குன்று' என்று ஓர் ஊரா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவில், டார்பென்ஹௌ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊர் சின்னது, அதன் பெயரைப் பற்றிய கதைதான் பெரியது. 'டார்' என்றால் குன்று, 'பென்' என்றால் குன்று, 'ஹௌ' என்றாலும் குன்று. பக்கத்தில் இருக்கும் மேட்டை 'டார்பென்ஹௌ ஹில்' என்கிறார்கள், ஆகவே அது 'குன்று குன்று குன்று குன்று'. வினாடி வினாக்களிலும் துணுக்குச் செய்திகளிலும் இந்தக் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். ஊர்ப்பெயர் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அது தெரிந்தவர்கள் எல்லோரும் "இது நிஜமா?" என்று ஒரு முறையாவது கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் வடக்கு எல்லையைத் தாண்டியதும், காக்கர்மவுத், விக்டன் என்ற இரண்டு சந்தை ஊர்களுக்கு நடுவில் வருகிறது. தெற்கே பின்சி என்ற தனிக்குன்று, உயரம் 447 மீட்டர். அதற்குப் பின்னால் 931 மீட்டர் உயரத்தில் ஸ்கிடா மலை. வடமேற்கே நிலம் இறங்கிக்கொண்டே போய் சால்வே கழிமுகத்தில் முடிகிறது. அதற்கு அக்கரை ஸ்காட்லாந்து.

நிர்வாகக் கணக்கில், பக்கத்து ஊரான பிளென்னர்ஹாசெட்டோடு சேர்த்து இரண்டுக்கும் ஒரே பாரிஷ், அதாவது நம் ஊராட்சி மாதிரி. மாவட்டப் பெயர் மட்டும் அடிக்கடி மாறியிருக்கிறது. முதலில் கம்பர்லாந்து, 1974 முதல் கம்பிரியா, 2023 ஏப்ரலிலிருந்து மறுபடியும் கம்பர்லாந்து என்ற பெயரில் புதிய உள்ளாட்சி.

பெயரை எப்படிச் சொல்வது?

எழுத்துக் கூட்டிப் படித்தால் 'டார்-பென்-ஹௌ'. உள்ளூரில் அப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். அவர்கள் வாயில் அது 'ட்ரப்பென்னா'. நடுவில் உள்ள 'பென்' மேல்தான் அழுத்தம், முன்னும் பின்னும் இருப்பவை தேய்ந்துவிட்டன.

அந்தப் பகுதியில் இது வழக்கம்தான். கொஞ்ச தூரத்தில் ஆஸ்பேட்ரியா என்று ஓர் ஊர், அதைப் பழைய ஆட்கள் 'ஸ்பியாட்ரி' என்பார்கள். எழுத்து ஒரு நூற்றாண்டில் உறைந்து நின்றுவிட, நாக்கு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இந்த 'ட்ரப்பென்னா'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு கேள்வியில் தேவைப்படும்.

மூன்று சொல்லுக்கும் 'குன்று' என்றுதான் பொருளா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஏ. டி. மில்ஸ் தொகுத்த ஆங்கில ஊர்ப்பெயர் அகராதி, டார்பென்ஹௌவுக்கு 'பாறை முகடு உள்ள குன்றின் நீட்சி' என்கிற மாதிரி பொருள் தருகிறது. 'டார்' என்பது பழைய ஆங்கிலச் சொல். 'பென்' கெல்ட்டிய மொழிச் சொல், அதாவது ஆங்கிலேயர் வருமுன் அங்கே இருந்தவர்களின் மொழி. கடைசியில் இருப்பது 'ஹோஹ்', இதுவும் பழைய ஆங்கிலம்.

மூன்றையும் ஆங்கிலத்தில் 'ஹில்' என்று எழுதிவிட முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பார்த்தால் தமிழில் மலை, குன்று, கரடு, பொற்றை, முகடு எல்லாவற்றையும்கூட 'ஹில்' என்றே எழுதிவிடலாம். கரட்டில் ஆடு மேய்ப்பவரிடம் போய் "இதுவும் முகடும் ஒன்றுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். அகராதிக்காரருக்கு ஒன்று, அவருக்கு வேறு வேறு.

'டார்' என்றால் பாறை துருத்திக்கொண்டு நிற்கும் உச்சி. டெவனில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இப்படிப்பட்ட கருங்கல் குவியல்கள் நிறைய உண்டு, பலவற்றின் பெயர் 'டார்' என்று முடியும். டெர்பிஷைரின் மாம் டாரும் இந்த வகைப் பெயர்தான்.

'பென்' என்றால் தலை. இன்றைய வெல்ஷ் மொழியிலும் தலைக்கு அதே சொல்தான். தலைமடை, தலைவாசல் என்று நாம் 'தலை'யை எப்படி இழுக்கிறோமோ அப்படியே அவர்களும் உச்சி, முனை, தொடக்கம் என்று பல பொருளில் இழுத்தார்கள். கம்பிரியாவிலேயே உள்ள பென்ரித் என்ற ஊரின் முன்பாதியும் இந்தப் 'பென்'தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 'ஹோஹ்' என்றால் குதிகால். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் மார்கரெட் கெல்லிங்கும் ஆன் கோலும் இங்கிலாந்து முழுக்க இந்தச் சொல் வரும் இடங்களை எடுத்து, ஊர்ப்பெயரையும் நில அமைப்பையும் ஒப்பிட்டார்கள். ஒருவர் குப்புறப் படுத்திருக்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். குதிகால் உயர்ந்து நிற்கும், பிறகு உள்ளங்கால் குழிந்து இறங்கும். இந்த வடிவில் முடியும் மேட்டுக்குத்தான் பழைய ஆங்கிலேயர்கள் 'ஹோஹ்' என்று பெயர் வைத்தார்கள் என்று இருவரும் காட்டினார்கள். பக்கிங்ஹாம்ஷைரின் ஐவிங்ஹோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலோ-சாக்சன் கப்பல் புதையல் கிடைத்த சட்டன் ஹூவின் 'ஹூ'வும் இதே சொல்.

ஆக டார்பென்ஹௌவை ஒவ்வொரு சொல்லாக உடைத்தால் 'பாறையுச்சி - தலை - குதிகால்' என்று வரும். இது ஒரே பொருளை மூன்று தடவை அடுக்கிய பெயர் இல்லை. அந்த இடத்தைப் பார்த்தவர்கள் அதன் வடிவத்தைச் சொல்ல முயன்றதாகத்தான் எனக்குப் படுகிறது. 'குன்று குன்று குன்று' என்று மொழிபெயர்ப்பது நம் சோம்பேறித்தனம், அவர்கள் மேல் தப்பில்லை.

"ஒவ்வொரு படையெடுப்புக்கும் ஒரு குன்று சேர்ந்தது" என்கிறார்களே?

கதையின் மிகப் பிரபலமான வடிவம் இது. முதலில் சாக்சன்கள், அதாவது பழைய ஆங்கிலேயர்கள், வந்தார்கள், மேட்டைக் காட்டி 'டார்' என்றார்கள். அப்புறம் வெல்ஷ்காரர்கள் வந்தார்கள். 'டார்' என்பது அதன் பெயர் என்று நினைத்து 'பென்' சேர்த்தார்கள். கடைசியில் வைக்கிங்குகள் வந்து 'ஹௌ' ஒட்டினார்கள். அப்படியாக மூன்று குன்று.

வரிசையே தலைகீழ். கெல்ட்டிய மொழி பேசியவர்கள் அங்கே யாருக்கும் பின்னால் வரவில்லை, அவர்கள்தான் முதலில் இருந்தவர்கள். ரோமானியர்கள் வந்து போன காலம் முழுக்க அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 7-ஆம் நூற்றாண்டில் நார்த்தம்பிரியா என்ற வடக்கு ராஜ்ஜியத்தின் ஆங்கிலேயர்கள் அந்தப் பக்கம் பரவினார்கள். 10-ஆம் நூற்றாண்டில், அயர்லாந்திலும் மான் தீவிலும் குடியேறியிருந்த நார்ஸ் மக்கள், அதாவது கதையில் வரும் வைக்கிங்குகள், மேற்குக் கடற்கரை வழியாக வந்தார்கள். பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கடைசி. 1092-இல் அவர்கள் மன்னர் இரண்டாம் வில்லியம் கார்லைல் நகரைப் பிடித்த பிறகுதான் அந்தப் பகுதி அவர்கள் கைக்கு வந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒவ்வொருவராகக் கடைசியில் ஒட்டிக்கொண்டே போனார்கள் என்றால், மிகப் பழைய சொல் முதலில் இருக்க வேண்டும். இங்கே கெல்ட்டியச் சொல் நடுவில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது? வந்தவர்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பக்கமும் திண்ணை கட்டினார்களா?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தின் 'டார்' சொல்லே கெல்ட்டிய மொழியிலிருந்து வாங்கிய கடன் என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். அப்படியென்றால் 'டார்பென்' முழுவதையும் ஆங்கிலேயர் வருமுன் இருந்த ஒரே பெயராக எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டவர்கள் தங்கள் 'ஹோஹ்' ஒன்றை மட்டும் ஒட்டியிருப்பார்கள். இந்த வாசிப்பில் ஒட்டு நடந்தது ஒரே ஒரு தடவைதான். துணுக்கு எழுதுபவருக்கு இது சுவாரசியமாக இருக்காது, என்ன செய்ய.

'ஹௌ' நார்ஸ் மொழிச் சொல்லாக இருக்கக் கூடாதா?

நியாயமான சந்தேகம். லேக் டிஸ்ட்ரிக்ட்டில் 'ஹௌ' என்று முடியும் குன்றுகள் பல உண்டு. கிராஸ்மியர் ஏரிக்கு மேலே இருக்கும் சில்வர் ஹௌ ஒன்று. இவற்றில் பெரும்பாலானவற்றில் வருவது மேடு, புதைமேடு என்ற பொருளுள்ள 'ஹௌகர்' என்ற நார்ஸ் சொல். இன்றைய எழுத்தை மட்டும் பார்த்தால் டார்பென்ஹௌவையும் அதே கூடையில் போடத் தோன்றும்.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் முதல் விதி: இன்றைய எழுத்தை நம்பாதே, கிடைப்பதிலேயே பழைய எழுத்தைத் தேடு. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில்தான் பெரும்பாலான ஆங்கில ஊர்களுக்கு அது கிடைக்கும். இங்கே கிடைக்காது. கம்பர்லாந்தின் பெரும்பகுதி அப்போது நார்மன் மன்னர் கையில் இல்லை, கணக்கெடுக்க யாரும் போகவில்லை. அதனால் இந்த ஊர் 12-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அகராதி தரும் பழைய வடிவம் 1163-ஐச் சேர்ந்தது: 'டார்பென்னாக்'.

அதில் 'ஹௌ'வைக் காணோம், பாருங்கள். 'ஹோஹ்' என்பதன் கடைசி ஒலி பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் காறுவது போல வரும். அதைக் காதால் கேட்ட எழுத்தர் 'க்' என்று எழுதியிருக்கலாம் என்று படிக்க இடமிருக்கிறது. முன்னால் உள்ள 'ஹ' அப்போதே கரைந்துவிட்டது. இப்போது ஊர்க்காரர்களின் 'ட்ரப்பென்னா'வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள எழுத்தைவிட அவர்கள் பேச்சுத்தான் 1163-க்குக் கிட்டே நிற்கிறது!

சரி, டார்பென்ஹௌ ஹில் இருக்கிறதா இல்லையா?

அந்தப் பெயரில் இல்லை.

ஊர் மேட்டில்தான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. 1688 வாக்கில் கம்பர்லாந்தைப் பற்றி எழுதிய தாமஸ் டென்டன், ஊரின் மாளிகையும் தேவாலயமும் எழும்பி நிற்கும் ஒரு குன்றின் மேல் இருப்பதாகக் குறிப்பிட்டார். பிற்பாடு வந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி, அந்த மேட்டுக்கு 'டார்பென்ஹௌ ஹில்' என்று தனிப்பெயரே இருப்பதாக ஆக்கிவிட்டார்கள். ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம், அதைப் பார்த்து இன்னொன்று. யாரும் நேரில் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டாரில் ஃபிரான்சிஸ் என்பவர்தான் இதைத் தோண்டிப் பார்த்தார். சொல் விளையாட்டுகளுக்காகவே நடந்த 'வேர்டு வேஸ்' என்ற அமெரிக்க இதழில் 2003-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரைபடத்திலும் அப்படி ஒரு குன்று இல்லை, ஊரில் யாரும் எந்த மேட்டையும் அந்தப் பெயரால் அழைப்பதும் இல்லை. சுற்றிலும் உள்ள குன்றுகளுக்கு அதனதன் பெயர் இருக்கிறது. தெற்கே பின்சி, அதைவிடக் கிட்டே கேர்மோட். கேர்மோட்டின் அடியில் ரோமானியர்களின் கோட்டை இருந்த தடம் உண்டு.

இணைய வரைபடத்தில் யாராவது ஒரு புள்ளியைக் குத்தி அந்தப் பெயரை எழுதிவைத்திருந்தால் அது சாட்சி ஆகாது. கதையைப் படித்துவிட்டுத்தான் குத்தியிருப்பார்கள்.

அப்படியென்றால் 'குன்றுக் குன்று' என்ற பெயரே எங்கும் கிடையாதா?

இருக்கிறது, தாராளமாக. அதுதான் வேடிக்கை. நிஜ எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

லங்காஷைரில் பென்டில் ஹில், 557 மீட்டர். 1612-இல் சூனியக்காரிகள் என்று சொல்லி இந்தப் பகுதி ஆட்கள் பலரைத் தூக்கில் போட்டதால் பெயர் பெற்ற மலை. முதலில் கெல்ட்டியப் 'பென்' இருந்தது. பழைய ஆங்கிலம் பேசியவர்கள் அதையே மலையின் பெயர் என்று நினைத்து, தங்கள் 'ஹில்'லைச் சேர்த்து 'பென்-ஹில்' என்றார்கள். அது தேய்ந்து 'பென்டில்' ஆனது. உள்ளே ஒரு 'ஹில்' இருப்பது மறந்துபோய், பின்னால் வந்தவர்கள் இன்னொரு 'ஹில்' போட்டார்கள். டார்பென்ஹௌ பற்றிச் சொல்லும் கதை எல்லாம் இங்கேதான் அச்சு அசலாக நடந்திருக்கிறது.

வூஸ்டர்ஷைரில் பிரெடன் ஹில்லும் அப்படியே. 'பிரே' கெல்ட்டியக் குன்று, 'டன்' பழைய ஆங்கிலக் குன்று, அப்புறம் ஹில். லெஸ்டர்ஷைரில் பிரீடன் ஆன் த ஹில் என்று ஓர் ஊர், அதாவது குன்றின் மேல் உள்ள குன்றுக்குன்று. பக்கிங்ஹாம்ஷைரின் பிரில் இன்னும் சிக்கனம். 'பிரே'யும் 'ஹில்'லும் ஒட்டி ஒரே அசையாகச் சுருங்கிவிட்டன. குன்றோடு நிற்கவில்லை, ஆறும் உண்டு. வெல்ஷ் மொழியில் 'அவான்' என்றாலே ஆறுதான், இங்கிலாந்தில் ஏவான் ஆறு என்ற பெயரில் பல ஆறுகள் ஓடுகின்றன.

இதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. அரைஞாண் கயிறு என்கிறோம். ஞாண் என்றாலே கயிறுதான். அது மறந்துபோனதால் இன்னொரு கயிறு சேர்த்தோம். 'நடுசென்டர்' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பக்கத்து ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் கலந்து கிடக்கின்றனவா?

ஆமாம். சொல்லப்போனால் அந்தச் சில மைல் வட்டாரமே ஒரு மொழி அருங்காட்சியகம். பிளென்னர்ஹாசெட்டில் முன்பாதி கெல்ட்டிய 'பிளைன்', அதாவது உச்சி. பின்பாதி நார்ஸ், வைக்கோல் எடுக்கும் மேய்ச்சல் கொட்டில். ஆஸ்பேட்ரியா என்றால் பாட்ரிக்கின் ஆஷ் மரம். மரப்பெயர் நார்ஸ் சொல், ஆனால் 'பாட்ரிக்-மரம்' என்று வைக்காமல் 'மரம்-பாட்ரிக்' என்று கெல்ட்டிய முறையில் திருப்பி வைத்திருக்கிறார்கள். அயர்லாந்து வழியாக வந்த நார்ஸ் மக்களோடு இந்தப் பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அயர்பி என்ற ஊரின் பெயருக்கே 'ஐரிஷ்காரர்களின் பண்ணை' என்றுதான் பொருள்.

பாத்தெல் என்றால் வெறும் வீடு, குடியிருப்பு. அதற்குப் பக்கத்திலேயே திரீப்லாந்து, அதாவது வழக்கில் இருக்கும் நிலம். யாருக்கும் யாருக்கும் வரப்புச் சண்டையோ, பெயரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

கம்பிரியா என்ற பெயரே அந்தப் பழைய மக்களுடையது. வெல்ஷ்காரர்கள் தங்கள் நாட்டை 'கம்ரி' என்கிறார்கள். இரண்டும் 'நம்ம நாட்டு ஆட்கள்' என்ற பொருளுள்ள ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அங்கே பேசிய கம்பிரிக் மொழி 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஊர், ஆறு, மலைப் பெயர்கள்தான்.

யான், டான், டெத்தெரா என்று ஆடு எண்ணுவார்களாமே, அதுவும் அந்த மொழியா?

வட இங்கிலாந்து இடையர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குச் சொன்ன சொற்கள் இவை. ஐந்துக்கு அவர்கள் சொன்னது 'பிம்ப்', வெல்ஷில் ஐந்துக்கு உள்ள சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். அதனால் உறவு இருப்பது உறுதி. கம்பிரிக் காலத்திலிருந்து அறுபடாமல் வந்ததா, பிற்காலத்தில் வேறு வழியாக வந்து சேர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. டார்பென்ஹௌ பெயரோடு இதை முடிச்சுப் போட வேண்டாம்.

ஊருக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

தேவாலயம். புனித மிக்கேல் பெயரில், 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் பாணியில் கட்டியது. உள்ளே பீடப்பகுதிக்குப் போகும் வளைவில், தூண் தலைப்புகளில் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் மனிதர், கொஞ்சம் பேய். அண்ணாந்து பார்த்தால் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த மரக் கூரை, அதில் சிறகு முளைத்த குழந்தை முகங்களை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். கருங்குளிர் அடிக்கும் வடக்கத்திக் கிராமத்துக் கோயிலில் இப்படி ஓர் ஆடம்பரக் கூரையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதற்காகவே போகலாம்.

குன்றைத் தேடிப் போகாதீர்கள்.

வினாடி வினாவில் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மார்க்கு வேண்டுமென்றால் 'குன்று குன்று குன்று குன்று' என்றே சொல்லுங்கள், கேட்பவர் கையில் இருக்கும் தாளில் அதுதான் எழுதியிருக்கும். மேடையை விட்டு இறங்கிய பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறைக்குப் பென்டில் ஹில்லைக் கொடுங்கள். அதை எழுதும்போது மூன்று 'குன்று' போதும்.